மானி பச்சை காட்டிய நாள்

ஆடி பிறந்த கையோடு தாழையூருக்கு மஞ்சள் விழுந்தது.

அதுவரைக்கும் ஊர் பச்சையில்தான் இருந்தது. பச்சை என்றால் ஊரே ஒட்டி உறவாடிக்கொண்டிருந்தது என்று அர்த்தமில்லை. வடகரைக்காரன் தென்கரைக்காரனைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான், தென்கரைக்காரன் காறித் துப்புவான், அதோடு சரி. கை நீளாது. கை நீளாதவரைக்கும் மானிக்கு அது பச்சைதான்.

சமூகப் பதற்றமானி என்பது அதன் முழுப்பெயர். அரசாங்கம் வைக்கிற பெயரை வாய்க்கு அடங்குகிற மாதிரி வெட்டிக்கொள்வது ஜனங்களின் வழக்கம் என்பதால் மானி ஆயிற்று. மூன்று தலைமுறை நிலப்பத்திரம் வைத்திருப்பவனுக்குத்தான் ஆற்றுத் தண்ணீரும் ஓட்டுரிமையும் என்று பூர்வீகச் சட்டம் ஒன்று கொண்டுவரப் பார்த்தார்கள். அதற்காகத் தலைநகரில் வெட்டுக்குத்து நடந்து முடிந்ததும், குடியரசு அரசாங்கம் இந்த மானியைக் குளிர்தேசம் ஒன்றிலிருந்து வாங்கிவந்து தை மாதம் ஊருக்கு ஊர் வைத்தது. ஆட்களின் போன் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, யாரோடு பேசுகிறது, என்ன வாங்குகிறது என்று ஓயாமல் மோப்பம் பிடித்து, இந்த ஊரில் அடிதடி வருமா வராதா என்று காலையில் ஒரு நிறம் சொல்லும். கடைத்தெரு முக்கில் பெரிய பலகையில் எரியும், போனிலும் வரும். ராசிபலன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதை விட்டுவிட்டு மானி பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஏன் இந்த நிறம் என்று மட்டும் கேட்கக்கூடாது. காரணம் தெரிந்தால் ஆட்கள் நடிக்க ஆரம்பித்துவிடுவார்களாம். காரணம் பார்க்கிற உரிமை ஊருக்கு ஒருவருக்குத்தான், மானி நிலைய அதிகாரிக்கு. தாழையூரில் அந்த ஒருவர் வேதமூர்த்தி.

வேதமூர்த்தி தென்கரை ஆள். கடல் ஏறிவந்து கரையோர ஊர்களை விழுங்கியபோது அம்மா இடுப்பில் உட்கார்ந்து இங்கே வந்து சேர்ந்தவர். தலை நரைத்துவிட்டது, ஆனாலும் வடகரையில் தென்கரைக்காரர்களுக்கு இன்னமும் கடல்காரன் என்றுதான் பெயர். இவர்கள் பதிலுக்கு அவர்களை மேட்டான் என்பார்கள். நடுவில் தாழையாறு, அதன்மேல் ஒரே ஒரு பாலம். அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் வைகாசியில் தன் ஒரே மகள் நீலாயதாட்சியை, எண்ணெய் மில் கொளஞ்சிநாதனின் மகன் இளவேந்தனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். காதல் கல்யாணம். இரண்டு கரையிலும் முணுமுணுத்தார்கள். "மானி பச்சையில இருக்குய்யா, எதுக்குப் பயப்படணும்" என்று அன்றைக்கு எல்லோர் வாயையும் அடைத்தவர் வேதமூர்த்தியேதான்.

மஞ்சள் விழுந்த காலை அவர் நிலையத்தில் உட்கார்ந்து காரணத்தைத் திறந்தார். இளம்பெண்கள் கணவர் வீடுகளிலிருந்து வெளியேறுகிறார்கள், கணவர்கள் அங்கேயே தங்குகிறார்கள், உள்நாட்டுப் போர்களுக்கு முன்னால் தெரிகிற முதல் அறிகுறி இது என்று திரையில் வந்தது. வேதமூர்த்தி அதை இரண்டு தடவை படித்தார். மேட்டான்கள் பெண்களை அப்புறப்படுத்திவிட்டு எதற்கோ தயாராகிறார்கள். தென்கரையிலும் அப்படியேதான் நடக்கிறது என்று அடுத்த வரியில் இருந்தது. நம் ஆட்கள் பயத்தில் செய்கிறார்கள், அவர்கள் திட்டம் போட்டுச் செய்கிறார்கள் என்று மனசு தானாகவே பிரித்து வைத்துக்கொண்டது.

பக்கத்து ஊரைப் பார்த்தார், மஞ்சள். அதற்கு அடுத்த ஊரும் மஞ்சள். நாடு முழுக்க ஒரே வாரத்தில் மஞ்சள் பூத்திருந்தது. எல்லா ஊரிலும் ஒரே சமயத்தில் என்றால் மேலேயிருந்து எவனோ சொல்லிக்கொடுத்துத்தான் நடக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. அவருக்கு மட்டுமா, தலைநகரில் இரண்டு கட்சிக்காரர்களும் மேடை போட்டு அதையேதான் பேசினார்கள். ராணுவ முகாம்களில்கூடச் சிப்பாய்கள் மேடு, கடல் என்று தனித்தனிப் பந்தியில் சாப்பிடுகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது நீலா கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து புருஷனோடு போனில் சிரித்துக்கொண்டிருந்தாள். போனைக் காதிலிருந்து எடுக்காத பெண் அவள். குளிக்கப் போனாலும் வாசல்படியில் வைத்துவிட்டுத்தான் போவாள். மூன்று நாள் முன்புதான் வேதமூர்த்தி தாம்பாளத்தில் பழமும் புடவையும் வைத்துக்கொண்டு போய், முறையாக அழைத்து வந்திருந்தார். படித்த மனுஷன், அதிகாரி, அவருக்கு அப்போதும் உறைக்கவில்லை. அடுப்படிக்குப் போய் மனைவியிடம் குரலைத் தாழ்த்தினார்.

"சௌந்தரம், ஆவணி பொறந்ததும் நீலாவ அனுப்ப வேண்டாம். கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்."

"ஏங்க, அங்க எதும் கசமுசாவா?"

"எதும் கேக்காத. யார்ட்டயும் சொல்லாத."

சொல்லாதே என்றால் சௌந்தரம் சொல்லமாட்டாள். அடுத்த வீட்டுக்காரி மட்டும் விதிவிலக்கு. அடுத்த வீட்டுக்காரிக்கும் ஒரு விதிவிலக்கு இருந்தாள். வாரம் திரும்புவதற்குள் மானி ஆபீஸ்காரரே பெண்ணை வீட்டோடு நிறுத்தி வைத்துவிட்டார் என்ற செய்தி பாலம் கடந்து வடகரை முழுக்கப் பரவிவிட்டது. மானியின் நிறத்தை நம்பாதவன்கூட அதை நம்பினான். இரண்டு கரையிலும் பெண்களையும் பிள்ளைகளையும் வெளியூருக்கு ஏற்றிவிட ஆரம்பித்தார்கள். கடைகளில் அரிசி தீர்ந்தது, மண்ணெண்ணெய் தீர்ந்தது. மானி அதையும் பார்த்தது, மஞ்சள் இன்னும் அழுத்தமாயிற்று.

ஒருநாள் காலையில் கொளஞ்சிநாதன் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, அந்தச் சட்டைப்பையில் எப்போதும் புடைத்துக்கொண்டிருக்கிற பெரிய போன். உட்காரச் சொன்னதும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"என்ன சம்பந்தி, சொல்லாம கொள்ளாம?"

"புள்ளய பாக்கணும்போல இருந்துச்சு, அதான்." கொளஞ்சிநாதனின் கண் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. மூட்டை கட்டி வைத்திருக்கிறார்களா என்று பார்க்கிற மாதிரி இருந்தது. "ஆவணி மொத முகூர்த்தத்துல கூட்டிக்கிட்டுப் போலாம்னு வீட்ல சொல்றாங்க."

"பாக்கலாம் சம்பந்தி. அவளுக்கும் உடம்பு கொஞ்சம் சரியில்ல."

நீலா அப்போதுதான் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். கொளஞ்சிநாதன் அவளைப் பார்த்தார், பிறகு வேதமூர்த்தியைப் பார்த்தார்.

"ஒங்க ஆபீஸ்ல எல்லாம் தெரியுமாம்ல. எங்களப் பத்தி என்னமோ தெரிஞ்சிருக்கு ஒங்களுக்கு. என்னான்னு எங்கிட்ட சொல்லக்கூடாதா? நானும் ஒங்க வூட்டுப் பொண்ண மருமவளா எடுத்தவன்."

"சொல்லக்கூடாதுன்னு சட்டம் சம்பந்தி. உங்க மில்லுல ராத்திரியெல்லாம் வண்டி வந்து போவுதாமே, அதென்ன?"

"கடல போட்டுருக்கு, கடல வருது. வேற என்னா வரும் எண்ணெ மில்லுக்கு?"

சௌந்தரம் காப்பி கொண்டுவந்து வைத்தாள். கொளஞ்சிநாதன் எழுந்து கும்பிட்டுவிட்டு, வயிறு சரியில்லை என்று புறப்பட்டுவிட்டார். காப்பி ஆடை படிந்து கிடந்தது. பெண் கொடுத்த வீட்டில் கை நனைக்காமல் போன மனுஷனை நினைத்து சௌந்தரத்துக்கு அழுகையே வந்துவிட்டது. வேதமூர்த்தியோ கடலை மூட்டைக்குள் என்னென்ன மறைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

ஆடிப்பெருக்கு வந்தது. வருடா வருடம் அன்றைக்கு இரண்டு கரையிலும் பெண்கள் கூட்டம் அலைமோதும். படித்துறையில் சித்திரான்னமும் விளக்குமாக இருக்கும், புதுப்பெண்களுக்குத் தாலிக்கயிறு மாற்றுவார்கள். இந்த வருடம் விடிந்ததும் பலகை சிவப்பில் எரிந்தது. ராணுவ வண்டி வந்து படித்துறைகளை அடைத்தது. கடல்காரர்கள் சொல்லித்தான் அடைத்தார்கள் என்று வடகரை கொதித்தது. மேட்டான்கள் செய்த வேலை என்று தென்கரை கொதித்தது. பாலத்தில் கல் பறந்து, இரண்டு பக்கமும் மண்டை உடைந்தது.

வேதமூர்த்தி காரணத்தை எடுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். ஆற்றின் இரு கரையிலும் பெருங்கூட்டம் திரளத் திட்டம், எதிரெதிராக அணிவகுப்பு என்று மானி சொல்லியிருந்தது. சௌந்தரம் சித்திரான்னத்தைப் பாத்திரத்தோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யாருக்கு என்ன கெடுதல் பண்ணோம்? நம்ம தெருவுல மட்டும் எத்தன புதுப்பொண்ணுங்க ஆடிக்கு வந்து உக்காந்திருக்கு. அதுங்கள ஆத்துக்குக்கூட அனுப்ப முடியாம..."

வேதமூர்த்தி செருப்பைக் கழற்றப் போனவர் ஒற்றைக் காலோடு அப்படியே நின்றார்.

"என்ன சொன்ன?"

"தப்பா எதும் சொல்லலயே. ஆடிக்கு அழைச்ச பொண்ணுங்களத்தான் சொன்னேன்."

ஆடி மாதம் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைப்பார்கள், மாப்பிள்ளை தன் வீட்டிலேயே இருப்பான். இரண்டு கரையிலும் அதே வழக்கம்தான், நாடு பூராவும் அதே வழக்கம்தான். குளிர்தேசத்தில் செய்த மானிக்கு ஆடி தெரியாது. தை மாதம் வந்து உட்கார்ந்த அதற்கு இதுதான் முதல் ஆடி. அதற்குத் தெரியாதது போகட்டும், தாம்பாளம் தூக்கிக்கொண்டு போய்ப் பெண்ணை அழைத்துவந்த தனக்கு எங்கே போயிற்று புத்தி என்று அவர் நெற்றியில் அறைந்துகொண்டார். ஒருவேளை மானி சொல்லாமல் மனுஷர் யாராவது சொல்லியிருந்தால், போய்யா, ஆடி அழைப்புய்யா அது என்று சிரித்திருப்பார்.

அப்படியே திரும்பி நிலையத்துக்கு ஓடினார். தலைநகரில் மானித்துறைக்குத் தலைவி மாதங்கி. திரையில் அவள் முகம் வந்ததும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார்.

"எனக்கும் ஆடியிலதான் சார் எங்கம்மா வீட்டுக்கு அழைச்சாங்க," என்றாள் மாதங்கி. "நானும் யோசிக்கலயே."

"உடனே அறிவிச்சுடுங்க மேடம். மானி தப்பாச் சொல்லிடுச்சு, ஒண்ணுமில்ல, எல்லாரும் அவங்கவங்க வேலையப் பாருங்கன்னு."

"யாரு நம்புவா? சிவப்புன்னு சொல்லி ஆத்த அடைச்சுட்டோம், மண்டை உடைஞ்சிருச்சு. இப்போ தப்புன்னா, எந்தப் பக்கத்துக்கு வேண்டி மறைக்கிறீங்கன்னு கேப்பாங்க. அதுவும் சொல்றது நீங்க. நீங்க தென்கரை."

"அப்போ என்னதான் பண்றது?"

"சத்தமில்லாம சரிபண்ணலாம். புதுப்பெண் கணக்க மானியிலேருந்து எடுத்துடறேன். தானா நெறம் எறங்கும், ஜனங்களும் எறங்கிடுவாங்க. ஆனா மந்திரி கையெழுத்துப் போடணும். அதுக்கு முன்னால வாயத் தொறக்காதீங்க சார். வீட்லகூட."

அவர் வாயைத் திறக்கவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. நம்மால்தான் ஆயிற்று என்று சம்பந்தியிடம் போய் நிற்கவேண்டியதில்லை அல்லவா.

மாதங்கி சொன்ன மாதிரியே ஆயிற்று. ஆடி முடிகிற தறுவாயில் சிவப்பு மஞ்சளாகியது. போன்களில் ஏச்சுப்பேச்சுக் குறைந்தது, கூட்டம் சேர்வது குறைந்தது. ஆவணி பிறக்கையில் பலகை பச்சைக்கு வந்துவிட்டது. மந்திரி கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று வேதமூர்த்தி நினைத்துக்கொண்டார். தெருவில்கூட ஆட்கள் போனும் கையுமாக நிற்பதில்லை. நாலு பேர் சேர்ந்தால் அவரைக் கண்டதும் கலைந்து அவரவர் வழியில் போனார்கள். அமைதி திரும்பிவிட்டது என்றுதான் அதற்கு அவர் அர்த்தம் பண்ணிக்கொண்டார்.

"நீலாவ அனுப்பிடலாம்," என்றார் சௌந்தரத்திடம். "சீரெல்லாம் நல்லபடியா வச்சு அனுப்புவோம். நாலு பேரு பாக்கட்டும்."

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று காலையில் அப்பாவும் அம்மாவும் மகளுமாகப் பாலத்துக்கு நடந்தார்கள். கூடையில் பழம், முறுக்கு, மாப்பிள்ளைக்கு வேட்டி. நீலா பாலத்தின் தென்முனையில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"நீயும் வாயேம்மா. ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாம்."

"கல்யாணம் பண்ணிக் குடுத்தப்ப அழாதவ இப்ப எதுக்குடி கண் கலங்குற?" சௌந்தரம் மகளின் கன்னத்தைத் துடைத்தாள்.

நடுப்பாலத்தில் கொளஞ்சிநாதன் காத்திருந்தார். வெள்ளைச் சட்டை தட்டையாக, பை காலியாக இருந்தது. வேதமூர்த்தி அதைப் பார்த்தார். பார்த்ததோடு சரி.

"வாங்க சம்பந்தி," என்று கொளஞ்சிநாதன் கையைப் பிடித்தார். உள்ளங்கை வேர்த்திருந்தது. "நீங்களும் சம்பந்தியம்மாவும் நம்ம வூட்டுக்கு வாங்க. நாலு நாள் இருந்துட்டுப் போலாம்."

"இன்னொரு நாளைக்கு வரோம் சம்பந்தி. ஆபீஸ் இருக்கே."

"லீவு போடுங்க. வருஷம் பூரா ஒழைக்கிறீங்க." குரல் தாழ்ந்தது. "இன்னைக்கே வாங்கன்னுதான் சொல்றன். மாத்துத்துணிகூட வேணாம்."

வேதமூர்த்திக்குச் சுருக்கென்றது. அன்றைக்குக் காப்பித் தண்ணீர் குடிக்காத ஆள், இன்றைக்கு இப்படி விழுந்து விழுந்து கூப்பிடுகிறாரே. மானி அதிகாரியைக் கொண்டுபோய் வீட்டில் உட்கார வைத்துக்கொண்டு எதையாவது கறக்கப் பார்க்கிறாரா? பிணைக்கைதி மாதிரி பிடித்து வைத்துக்கொள்வார்களா? மானி பச்சையில் இருக்கலாம், மேட்டான் மேட்டான்தானே.

"இல்ல சம்பந்தி, முடியாது," என்றார் கறாராக.

கொளஞ்சிநாதன் எதையோ சொல்ல வாயெடுத்தார். பாலத்தின் வடமுனையில் நின்ற இரண்டு வாலிபர்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பிடித்த கையை விட்டார்.

"அப்ப ஒங்க இஷ்டம். வூட்ட வுட்டு வெளிய வராம இருங்க," என்று சொல்லிவிட்டு, கூடையை வாங்கிக்கொண்டு நீலாவை முன்னால் நடக்கவிட்டுப் போனார். போகிற மனுஷன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். மிரட்டிவிட்டுப் போகிறார் பார் என்று வேதமூர்த்திக்கு எரிச்சலாக வந்தது.

சௌந்தரத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர் நிலையத்துக்குப் போனார். பலகை அவ்வளவு கரும்பச்சையாக அவர் பார்த்ததே இல்லை. வரைபடத்தைத் திறந்தார், நாடு முழுக்கக் கரும்பச்சை. மனசு குளிர்ந்துபோயிற்று. நன்றி சொல்லலாம் என்று மாதங்கியைக் கூப்பிட்டார்.

"மேடம், கணக்க எடுத்துட்டீங்கல்ல, எல்லா ஊரும் குளுகுளுன்னு இருக்கு. இப்பதான் பொண்ண மாப்ள வீட்டுக்கு அனுப்பிட்டு வரேன்."

மாதங்கி திரையில் விழித்தாள்.

"எந்தக் கணக்க சார்? மந்திரி இன்னும் கையெழுத்தே போடலயே. நான் எதையும் மாத்தல."

"அப்போ பச்சை எப்படி வந்துச்சு?"

"நீங்க காரணம் பாக்கலயா?"

அவர் பார்க்கவில்லை. சிவப்பு வந்தால் காரணம் பார்ப்பார்கள், பச்சைக்கு எவன் பார்க்கிறான்? இப்போது திறந்தார். யாரும் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை, யாரும் யாரோடும் சண்டை போடுவதில்லை, யாரும் எங்கேயும் கூடுவதில்லை என்று மானி சொல்லிற்று. வடகரையில் அத்தனை போன்களும் அந்தந்த வீட்டில் அசையாமல் இருந்தன. தென்கரையிலும் அதேபோலத்தான். அடுத்த ஊரிலும் அதேபோலத்தான். ஊர் முழுக்க வீட்டுக்குள் தூங்குகிறது என்று மானி நம்பிக்கொண்டிருந்தது.

காலையில் தெருவில் அவ்வளவு ஆட்களைப் பார்த்தோமே என்று அவருக்கு நினைவு வந்தது. ஒருவன் கையிலும் போன் இல்லை. கொளஞ்சிநாதனின் தட்டையான சட்டைப்பை நினைவு வந்தது, வேர்த்த உள்ளங்கை நினைவு வந்தது, மாற்றுத்துணிகூட வேண்டாம் என்றது நினைவு வந்தது. எதிரிக்கரையைச் சேர்ந்த ஒருவர், தன் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கையில், சொல்லக்கூடாததைச் சொல்லாமல் சொல்லிப் பார்த்திருக்கிறார். சொந்தக் கரையில் ஒருவர்கூட அந்த அளவுக்கும் சொல்லவில்லை. மானி ஆபீஸ்காரரிடம் யார் சொல்வார்கள்?

நீலாவைக் கூப்பிட்டார். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தார்கள்.

"அம்மாடி, நீலா..."

"நான்தாங்க," என்றாள் சௌந்தரம். "அவ போனை இங்கேயே வச்சுட்டுப் போயிட்டா. இப்பதான் வந்து பாக்குறேன், தலையணைக்கடியில கெடக்குது. மாப்ளதான் எடுத்துட்டு வர வேணாம்னு சொன்னாராம், நேத்தே சொல்லிட்டு இருந்தா. நான் வெளையாட்டுப் பேச்சுன்னு நெனச்சேன்."

ஆற்றுப் பக்கமிருந்து ஏதோ கனமாக அதிர்ந்தது. நிலையத்தின் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது. மாதங்கி திரையில் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள், பிறகு திரை அணைந்தது. பலகை மட்டும் வாசலில் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

"சௌந்தரம், கதவ சாத்து. அடுத்த வீட்ல யாராச்சும் ஆம்பளைங்க இருந்தா கூப்பிட்டுத் துணைக்கு வச்சுக்க. நான் வந்துடறேன்."

"அங்க யாரும் இல்லைங்க. அதத்தான் உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன்." சௌந்தரத்தின் குரலுக்குப் பின்னால் எங்கெங்கோ சின்னதாகவும் பெரிதாகவும் மணிகள் அடித்துக்கொண்டிருந்தன. "அந்தச் சத்தம் கேட்டதும் தெருவுல எல்லா வீட்லயும் போன் அடிக்குது, வெளியூருக்கு அனுப்பின பொண்ணுங்க கூப்பிடுதுங்க போல. எடுக்கத்தான் ஒரு ஆளும் இல்ல."